விடுதலை கிடைத்தது, தீர்ப்பு மாறவில்லை

2011 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஜோன்ஸ்பரோ நீதிமன்றத்தில் மூன்று பேர் எழுந்து நின்று ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொன்னார்கள். குற்றத்தை நாங்கள் செய்யவில்லை. ஆனாலும் குற்ற ஒப்புதல் தருகிறோம். டேமியன் எக்கோல்ஸ், ஜேசன் பால்ட்வின், ஜெஸ்ஸி மிஸ்கெல்லி. அதுவரை கழித்த 18 ஆண்டு 78 நாள் சிறையே தண்டனை என்று கணக்கு முடித்து, அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். கூடவே 10 ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் தலைக்குமேல் தொங்கியது. எக்கோல்ஸ் மரண தண்டனைக் கைதி. மற்ற இருவரும் ஆயுள் கைதிகள்.

அவர்கள் நிரபராதிகள் என்று நிரூபணமாகித்தான் வெளியே வந்தார்கள் என நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சட்டத்தின் கணக்கில் அப்படி இல்லை. எட்டு வயதுச் சிறுவர்கள் மூவரை 1993 மே மாதம் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் கொன்றவர்கள் என்ற பதிவு அவர்கள் பெயரில் அப்படியே நிற்கிறது.

இந்த வகை ஒப்புதலுக்கு ஆல்ஃபோர்டு ஒப்புதல் என்று பெயர். 1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற ஏற்பாடு இது. வட கரோலினாவைச் சேர்ந்த ஹென்றி ஆல்ஃபோர்டு, தான் கொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே, மரண தண்டனைக்குப் பயந்து இரண்டாம் நிலைக் கொலை என்ற குற்றச்சாட்டை ஏற்றார்; 30 ஆண்டு தண்டனை பெற்றார். உனக்கு எதிரான சான்று வலுவாக இருக்கிறது, விசாரணைக்குப் போனால் தோற்கலாம் என்று புரிந்துகொண்டு தெரிந்தே ஒப்புக்கொண்டால், வாயால் குற்றத்தை மறுத்தாலும் ஒப்புதல் செல்லும் என்றது நீதிமன்றம்.

ஆர்கன்சாவில் இந்தப் பேரம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2010 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், மரபணுப் (டிஎன்ஏ) பரிசோதனை முடிவுகளோடு மற்ற எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பரிசீலிக்க விசாரணை நடத்தச் சொல்லிவிட்டது. 2011 டிசம்பருக்கு நாளும் குறித்தாயிற்று. வழக்கு மறுவிசாரணைக்குப் போனால், பதினெட்டு ஆண்டுப் பழைய சாட்சிகளை வைத்து மறுபடி நிரூபிக்க வேண்டிய நிலை அரசுக்கு. தோற்றால் இழப்பீட்டு வழக்கும் வரும். ஒப்புதல் வாங்கிவிட்டால் இரண்டு தலைவலியும் போய்விடும். மூவரும் சேர்ந்து சம்மதித்தால்தான் பேரம் என்பது நிபந்தனை. பால்ட்வினுக்கு விருப்பமே இல்லை. எக்கோல்ஸ் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் தலையசைத்தார்.

கொடுத்த விலை என்ன? கொடுங்குற்றம் செய்தவர் என்ற பதிவு, இழப்பீட்டுக்கு வழியில்லாமை, அரசின் மீது வழக்குப் போட முடியாமை. 1973 முதல் அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றுப் பின் குற்றமற்றவர் என்று ஆனவர்களின் எண்ணிக்கை 2024-ல் 200-ஐத் தொட்டது. அந்தப் பட்டியலில் எக்கோல்ஸ் இல்லை.

இனி, இப்படி வெளியே வந்தவர்களின் எழுத்துக்கு வருவோம். இந்த வழக்கில் எழுத்து விடுதலைக்குப் பிறகு வந்து சேர்ந்த ஒன்றல்ல. 1994 விசாரணையில் எக்கோல்ஸின் நோட்டுப் புத்தகக் குறிப்புகள், அவர் படித்த புத்தகங்கள், அணிந்த கறுப்புச் சட்டைகள், கேட்ட மெட்டாலிகா பாடல்கள் எல்லாம் சாத்தான் வழிபாட்டுக்கு அடையாளம் என்று அரசுத் தரப்பு முன்வைத்தது. அதை விளக்க வந்த 'நிபுணர்', அங்கீகாரம் இல்லாத தபால்வழிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். இன்னொரு தூண், மிஸ்கெல்லியின் வாக்குமூலம். 17 வயது, அறிவுத்திறன் எண் ஏறத்தாழ 72. பல மணி நேர விசாரணையில் கடைசிப் பகுதி மட்டுமே ஒலிப்பதிவு. அதிலும் கட்டியது கயிற்றால் என்றார். உண்மையில் கட்டியிருந்தது சிறுவர்களின் ஷூ லேஸ். பதின்வயதுப் பையனின் நோட்டே அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்ப உதவிய நாட்டில், அதே ஆள் வெளியே வந்து எழுதித்தான் பிழைக்கிறார். 2012-ல் நினைவுக்குறிப்பு, பிறகு மனைவியோடு பரிமாறிய சிறைக் கடிதங்களின் தொகுப்பு, மந்திர மரபு பற்றிய நூல்கள், ஓவியக் கண்காட்சிகள். எந்த ஆர்வம் 1994-ல் குற்றச் சான்றானதோ அதையே தொழிலாக்கிக்கொண்டார். அதில் ஒரு பிடிவாதம் தெரிகிறது.

வெளியே வந்தவருக்கு இந்த வேலை ஏன் பொருந்துகிறது என்றால், வேறு வேலை கிடைப்பது கஷ்டம். கொலைப் பதிவு உள்ளவரை யார் சேர்ப்பார்கள்? உடம்பும் ஒத்துழைக்காது. ஏறக்குறைய பத்து ஆண்டு தனிக்கொட்டடியில் இருந்த எக்கோல்ஸுக்குப் பார்வை மங்கியிருந்தது. காலில் சங்கிலியில்லாமல் நடக்கவே பழக வேண்டியிருந்தது. டென்னசியில் 28 ஆண்டு சிறையில் இருந்த நிடூமே ஓலடுஷானி, ஓவியத்தைச் சிறையிலேயே தானாகக் கற்றுக்கொண்டவர். மேல்முறையீட்டில் தண்டனை ரத்தான பிறகும், மறுவிசாரணைக்குக் காத்திருக்காமல் 2012 ஜூனில் அவரும் ஆல்ஃபோர்டு ஒப்புதல் கொடுத்துத்தான் வந்தார். 'மரண தண்டனைக் கைதி வரைந்தது' என்ற அடையாளம் முதல் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்கும். மூன்றாவது கண்காட்சிக்கு ஓவியம் நன்றாக இருந்தால்தான் ஆள் வரும்.

வழக்கு இன்னும் முடியாத ஒருவர் எழுதும்போது செய்யும் தவறுகளில் பெரியது, வழக்கறிஞர் சொன்னதை மேற்கோள் காட்டுவது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் நடந்த உரையாடலுக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு. கட்சிக்காரரே அதை அச்சிட்டுவிட்டால், அந்தப் பொருள் குறித்த பாதுகாப்பு போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அடுத்தது, சம்பவ நாளை நினைவிலிருந்து விரித்து எழுதுவது. இருபது ஆண்டுக்கு முன் கூண்டில் சொன்ன நேரமும் இப்போது எழுதிய நேரமும் அரை மணி மாறினாலும் போதும், குறுக்கு விசாரணைக்கு அது விருந்து. எனவே சம்பவ நாள் பற்றிய பக்கங்களை மட்டும் பழைய சாட்சியப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அச்சுக்குப் போகும்முன் வழக்கறிஞர் வரிவரியாகப் படிக்க வேண்டும். சிறைக்குள் இருந்த வாழ்க்கை, உணவு, சத்தம், கனவு இவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. உண்மையில் வாசகர் தேடுவதும் அதைத்தான். உண்மைக் குற்றவாளி இவர்தான் என்று எவரையும் சுட்டவும் கூடாது. அவதூறு வழக்கு ஒருபுறம். தான் பட்ட அதே அநியாயத்தை இன்னொருவருக்குச் செய்வதாகவும் முடியலாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வாழ்க்கைக் கதை உரிமையைத் திரைப்பட நிறுவனத்துக்கு முழுவதுமாக எழுதிக்கொடுத்தால், வேறு எவரிடமும் பேசக்கூடாது என்ற சரத்து உள்ளே ஒளிந்திருக்கும். நீதிமன்றச் சாட்சியம், மனுக்கள், மன்னிப்பு வாரியத்திடம் தரும் விளக்கம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். குற்றவாளி தன் குற்றக் கதையால் சம்பாதிக்கக் கூடாது என்ற சட்டங்களும் பல மாநிலங்களில் இருக்கின்றன. நியூயார்க்கின் சட்டத்தை 1991-ல் உச்ச நீதிமன்றம் கருத்துரிமைக்கு எதிரானது என்று செல்லாததாக்கியது. மாநிலங்கள் மாற்றி எழுதிக்கொண்டன. ஆல்ஃபோர்டு ஒப்புதல் கொடுத்தவர் தன்னை நிரபராதி என்று எழுதினாலும், சட்டம் அவரைத் தண்டனை பெற்றவர் என்றே பார்க்கும். ஆகவே நூல் வருமானமும் வழக்கு நிதியும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது.

தீர்ப்பை மாற்றும் வேலை, சட்டப் புத்தகத்துக்கு முன் பொருள் கிடங்கில் தொடங்குகிறது. பழைய சான்றுப்பொருள் ஒரே இடத்தில் இருக்காது. காவல் நிலையக் கிடங்கு, அரசு வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்ற எழுத்தர் அறை, தடயவியல் கூடம், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் திசு வில்லைகள், பழைய வழக்கறிஞரின் பெட்டிகள், முன்பு பரிசோதித்த தனியார் ஆய்வகத்தில் மிஞ்சிய கரைசல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும். 'தொலைந்துவிட்டது', 'எரிந்துவிட்டது' என்ற பதிலை அப்படியே ஏற்கக் கூடாது. வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்கிலும் அப்படித்தான் பேச்சு வந்தது. 2021 டிசம்பரில் வழக்கறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது பொருட்கள் காவல் துறையிலேயே இருந்தன.

சட்டப் பக்கம், தண்டனைக்குப் பின் புதிய அறிவியல் பரிசோதனை கேட்க வழிசெய்யும் ஆர்கன்சாவின் 2001-ஆம் ஆண்டு 1780-ஆம் எண் சட்டம். பொருள் அரசின் கையில், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கைமாற்றப் பதிவோடு இருந்திருக்க வேண்டும். குற்றவாளி யார் என்பதே விசாரணையில் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். முன்பு இல்லாத, இன்னும் வலுவான முடிவு தரக்கூடிய பரிசோதனையாக இருக்க வேண்டும். தண்டனை பெற்ற 36 மாதத்துக்குள் மனு வந்தால் காலத்தில் வந்தது என்று கொள்வார்கள். அதற்குப் பிறகு என்றால் தாமதத்தை மனுதாரர்தான் நியாயப்படுத்த வேண்டும். புதிய தொழில்நுட்பம் அதற்கு ஏற்ற காரணம். எக்கோல்ஸ் மனுவில் தடுக்கியது வேறு இடத்தில். 2022-ல் கீழ் நீதிமன்றம், நீங்கள் இப்போது சிறையில் இல்லையே என்று தள்ளிவிட்டது. 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றியது: சட்டம் 'தண்டிக்கப்பட்டவர்' என்றுதான் சொல்கிறது, சிறையில் இருப்பவர் என்று சொல்லவில்லை. ஒரு சொல்லை ஒழுங்காகப் படிக்க இரண்டு ஆண்டு.

எக்கோல்ஸ் மனுவில் கேட்டது எம்-வாக் என்ற கருவியின் பரிசோதனை. ஷூ லேஸ் போன்ற நெய்த பொருளில் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் மேற்பரப்பில் இருப்பது மட்டுமே வரும். எம்-வாக் கிருமி நீக்கிய கரைசலைப் பீய்ச்சிக்கொண்டே உறிஞ்சும். இழைகளுக்குள் சிக்கிய உயிரணுக்கள் கரைசலோடு குப்பிக்கு வரும். அதை வடிகட்டி, வடிதாளிலிருந்து டிஎன்ஏ எடுப்பார்கள். ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 6.6 பிகோகிராம் டிஎன்ஏ. ஆளை அடையாளம் காணும் வழக்கமான டிஎன்ஏ பரிசோதனையான எஸ்டிஆருக்கு 0.5 முதல் 1 நானோகிராம் (500 முதல் 1000 பிகோகிராம்) இருந்தால் வசதி. அதாவது 75 முதல் 150 உயிரணு. தொட்டதால் மட்டும் ஒட்டியவற்றில் இந்த அளவு தேறுவதே பெரும்பாடு. இந்த வழக்கில் பொருட்கள் தண்ணீரில் கிடந்தவை வேறு.

கருவி எல்லாவற்றையும் உறிஞ்சும் என்பதே அதன் குறை. 1993-ல் கையுறை போடாமல் தொட்டவர், விசாரணையில் கையில் எடுத்துப் பார்த்தவர், பொட்டலம் கட்டியவர் எல்லாரும் அதே குப்பியில் வந்து சேர்வார்கள். மூன்று நான்கு பேர் கலந்த முடிவில் கணினி நிகழ்தகவுக் கணக்கு வேண்டியிருக்கும். அங்கே இரு தரப்பு நிபுணரும் மோதுவார்கள். அதனால் வரிசை முக்கியம். முதலில் படம், பிறகு முடியும் இழையும் தனியே, பிறகு பஞ்சுக்குச்சி, முடிந்தால் ஒரு துண்டை வெட்டிப் பத்திரப்படுத்தல், கடைசியில்தான் எம்-வாக். நனைத்தபின் திரும்பப் போக முடியாது. முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருந்தால் அதன் உட்புறம்தான் முதல் இலக்கு. கட்டியவரின் விரல் பட்ட இடம், பிறகு எவரும் தொடாத இடம். வெறும் கரைசலையும் ஒருமுறை ஓடவிட்டுப் பரிசோதித்து, கருவியில் பழைய மாசு இல்லை என்று பதிய வேண்டும். கையாண்ட அதிகாரிகளின் மாதிரிகளையும் ஒப்பிட வேண்டும்.

ஆய்வகத்தைத் தேர்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தனியார் ஆய்வகம் எடுத்த முடிவை அதுவே நேரடியாகத் தேசிய டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஏற்ற முடியாது; அரசு ஆய்வகம் மறுபரிசீலித்து ஏற்க வேண்டும். இதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யாவிட்டால், அடையாளம் தெரியாத ஓர் ஆணின் முழு விவரம் கையில் இருந்தும் தேடிப் பார்க்க வழியின்றி நிற்கும். சிறுவனின் வீட்டாருடைய டிஎன்ஏ வந்தால் அது ஒரே வீட்டில் வாழ்ந்ததால்கூட ஒட்டியிருக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான்.

ஒப்புதல் கொடுத்து வந்தவருக்குத் தீர்ப்பு மாறியதே இல்லையா? டெக்சாஸில் கெர்ரி மேக்ஸ் குக் இருக்கிறார். 1978-ல் மரண தண்டனை. 1999-ல் நான்காவது விசாரணைக்கு முன், குற்றத்தை மறுக்காமலும் ஏற்காமலும் ஒரு பேரத்தில் முடித்துக்கொண்டார். சில வாரத்திலேயே வந்த மரபணு முடிவு இன்னொருவரைக் காட்டியது. அந்த முடிவு இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பேரமே தேவைப்பட்டிருக்காது. 2016-ல் தண்டனையை விலக்கக் கீழ் நீதிமன்றம் பரிந்துரைத்தது, ஆனால் 'உண்மையில் குற்றமற்றவர்' என்று அறிவிக்கப் பரிந்துரைக்க மறுத்தது. 2024 ஜூன் 19 அன்றுதான் மாநிலத்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் அந்தச் சொல்லைத் தந்தது. டெக்சாஸில் அந்த ஒரு சொல்லின் பின்னால் சிறையிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80,000 டாலர் இருக்கிறது.

நம் ஊரில் ஆல்ஃபோர்டு பேரம் கிடையாது. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் ஒப்புதல் பேரத்துக்கே இடமில்லை. ஆனால் தீர்ப்பு மாறாத விடுதலை நமக்கும் தெரிந்ததுதான். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவில் பேரறிவாளனை விடுவித்தது. குற்றத் தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது. தண்டனைக்குப் பின் மரபணுப் பரிசோதனை கேட்கத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. நம் அமர்வு நீதிமன்றத் தீர்ப்புகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: 'வழக்குச் சொத்துக்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழித்துவிட உத்தரவிடப்படுகிறது' என்று வழக்கமாக வரும். மேல்முறையீட்டு மனுவோடு சேர்த்தே, பொருட்களை அழிக்காமல் காகித உறையில் உலர்வாக வைத்திருக்கக் கோரும் ஒரு பக்க மனுவையும் தாக்கல் செய்துவிட வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிவிடலாம்.