கவுண்டி போச்சு, ஃபயர் சர்வீஸ் மட்டும் ஏன் இருக்கு?

இங்கிலாந்துல பிரிஸ்டல், பாத் பக்கம் இருக்கீங்கன்னா கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி) பில்லை எடுத்துப் பாருங்க, கவுன்சில் தொகை, போலீஸ் தொகைன்னு போட்டு கூடவே ஏவன் ஃபயர்னு ஒண்ணு தனியா இருக்கும். ஆனா ஏவன்ங்கிற கவுண்டியை, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஒண்ணை, 1996லயே கலைச்சாச்சு, அப்போ இந்தக் காசு யாருக்குப் போகுது?

கொஞ்சம் பின்னாடி போனாத்தான் புரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி அங்க 1,600க்கும் மேல ஃபயர் பிரிகேடு, சின்னச் சின்ன டவுன் கூட தனக்குன்னு ஒண்ணு வச்சிருந்துச்சு. குண்டு விழுந்து ஊர் எரியுறப்போ பக்கத்து ஊர்லருந்து வண்டி ஓடி வந்தா அவங்க ஹோஸ் இங்க தெருவுல இருக்கிற ஹைட்ரன்ட் தண்ணிக் குழாய்ல மாட்டாது, ரெண்டையும் இணைக்கிற கப்ளிங் ஊருக்கு ஊர் வேற. நினைச்சாலே வயிறு எரியுது. அதனால 1941ல எல்லாத்தையும் சேர்த்து நாடு முழுக்க ஒரே சர்வீஸ் ஆக்கிட்டாங்க. 1948ல திருப்பிக் கொடுத்தப்போ சின்ன டவுனுக்குக் கொடுக்கல, கவுண்டிக்கும் பெரிய நகரங்களுக்கும்தான்.

அப்புறம் 1974 ஏப்ரல் 1, கவுன்சில் எல்லையெல்லாம் புதுசா போட்டாங்க, பிர்மிங்காம், கோவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன்னு தனித்தனியா இருந்த ஃபயர் பிரிகேடெல்லாம் வெஸ்ட் மிட்லண்ட்ஸ்னு ஒண்ணாச்சு, ஏவனும் அன்னைக்குப் பொறந்ததுதான். 22 வருஷத்துல கவுண்டியைக் கலைச்சு நாலு கவுன்சில் ஆக்கினாங்க, ஆனா கன்ட்ரோல் ரூமையும் ட்ரெய்னிங்கையும் உயரமான ஏணி வண்டியையும் நாலா பிரிச்சா செலவுதான் ஏறும், ஆபத்துக்கு வண்டி வர்றதும் லேட்டாகும். அதனால நாலு கவுன்சிலும் ஆள் அனுப்பி ஒரு ஃபயர் அத்தாரிட்டியா நடத்துறாங்க, உங்க காசு அதுக்குத்தான் போகுது. கிளீவ்லண்ட், ஹம்பர்சைடு கவுண்டிகளோட கதையும் இதேதான். என்னைக் கேட்டா பிரிக்காம விட்டது சரியான முடிவு.

எல்லா இடத்துலயும் இப்படி இல்ல. சர்ரே, நார்ஃபோக் மாதிரி இடங்கள்ல கவுண்டி கவுன்சிலே நடத்துறதால பில்லுல தனி வரி வராது. கிரேட்டர் மான்செஸ்டர்ல 2017லருந்து மேயர் பொறுப்பு. ஸ்காட்லாந்துல 2013ல அங்க இருந்த எட்டு ஃபயர் சர்வீஸையும் ஒண்ணாக்கிட்டாங்க.

ஃபயர் ஸ்டேஷனை மூடப்போறோம், வண்டியைக் குறைக்கப்போறோம்னு பேச்சு வந்தா முதல்ல யார் நடத்துறாங்கன்னு பாருங்க, தனி அத்தாரிட்டின்னா கவுன்சில் ஆபீஸ்ல போய் நின்னு பிரயோஜனம் இல்ல, அத்தாரிட்டி கூட்டம் பொதுமக்கள் போய் உக்காரக்கூடியதுதான். திட்டத்தை மாத்துறதுக்கு முன்னாடி ஜனங்க கிட்ட கருத்து கேக்கணும், அந்த நேரத்துல எழுதிப் போட்டுடுங்க.