‘நியெட்’ சொல்ல ஆள் இல்லாத நாள்

அமெரிக்கக் குறுக்கெழுத்துப் புதிர்களில் அடிக்கடி தலைகாட்டும் ரஷ்யச் சொல் ‘நியெட்’ (NYET). இல்லை, முடியாது என்று பொருள். ‘மாஸ்கோவின் மறுப்பு’ என்கிற மாதிரி குறிப்பு கொடுத்திருப்பார்கள்.

அந்தப் புதிர்களில் ஒவ்வோர் எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லுக்கும் நெடுக்கே ஒரு சொல்லுக்கும் பொருந்தியாக வேண்டும். பெரிய சொற்களை வைத்தபின் மிஞ்சும் இடுக்குகளை அடைக்கச் சின்னச் சொற்கள் தேவை. என், இ, டி மூன்றும் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகள். ஒய்-யில் முடியும் சொற்களுக்கும் பஞ்சமில்லை. அதனால் இந்த நாலெழுத்துச் சொல் எந்த இடுக்கிலும் சுலபமாக உட்கார்ந்துவிடும்.

ரஷ்ய மொழியில் இது மூன்றே எழுத்து. அவர்கள் நாக்கில் அந்த ‘ந’ குழைந்து கிட்டத்தட்ட நம் ‘ஞ’ ஆகிறது. அதைக் காட்டத்தான் ஆங்கிலத்தில் ஒய் சேர்ந்தது. கடைசி ஒலியும் ‘ட்’ அல்ல, பல்லைத் தொடும் ‘த்’. ‘ஞெத்’ என்று சொல்லிப் பாருங்கள், மாஸ்கோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் பிறப்பு. ‘இங்கே இல்லை’ என்ற பழைய தொடர் தேய்ந்துதான் இந்தச் சொல் ஆனது. நம் ‘இல்லை’ போலவே கேள்விக்கு மறுப்பாகவும் வரும், ஒன்றின் இன்மையையும் சொல்லும். ‘என்னிடம் புத்தகம் இல்லை’ என்பதை ரஷ்யர்களும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் சொல்கிறார்கள். ‘இது புத்தகம் அல்ல’ என்னும்போது அவர்களுக்கும் சொல் மாறி ‘நெ’ ஆகிறது.

இதை உலக அரசியலில் பிரபலமாக்கியவர் ஆந்த்ரே குரோமிகோ. 1946-இல் ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதி. 1957 முதல் 1985 வரை வெளியுறவு அமைச்சர். மேற்கத்தியப் பத்திரிகைகள் அவரை ‘மிஸ்டர் நியெட்’ என்றே அழைத்தன. உண்மையில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோவுக்கு, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்துக்கு, வாய் திறக்கவே வேண்டாம். எதிர்ப்பவர்கள் யார் என்று தலைவர் கேட்கும்போது ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் கை தூக்கினால் போதும். நடைமுறை விவகாரங்கள் தவிர எந்தத் தீர்மானமும் விழுந்துவிடும்.

ஆனால் கை தூக்க ஆள் அங்கே இருக்க வேண்டுமே! சீனாவின் இடத்தில் தைவானுக்குப் பெயர்ந்துவிட்ட அரசின் பிரதிநிதி அமர்ந்திருப்பதை எதிர்த்து, 1950 ஜனவரியில் சோவியத் பிரதிநிதி அவையைப் புறக்கணித்தார். ஜூனில் கொரியப் போர் வெடித்தது. தென் கொரியாவுக்கு உதவக் கோரும் தீர்மானம் வந்தபோது சோவியத் நாற்காலி காலி. வராமல் இருந்தது வீட்டோவாகக் கணக்காகவில்லை, தீர்மானம் நிறைவேறியது.

ஆகஸ்டில் அவையின் தலைமை சுழற்சி முறையில் சோவியத்துக்கு வந்தது. வெளியேறியிருந்த சோவியத் பிரதிநிதி யாக்கொவ் மாலிக் திரும்பிவந்து தலைவர் நாற்காலியிலேயே அமர்ந்தார். செப்டம்பரில் கொரியா பற்றிய அமெரிக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்ப்பவர்கள் யார் என்றபோது, அவர் கை மேலே இருந்தது.