அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க: எந்தக் காகிதம் முதலில்?

தங்கை பிள்ளையைத் தத்தெடுத்து அமெரிக்காவுக்கு அழைத்துப் போக நினைக்கும் தம்பதிகளில் பலர் முதலில் போய் நிற்பது சொந்த ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிவாகிவிடும், வீட்டில் பாயசமும் வைத்துவிடுவார்கள். விசாவுக்குப் போனால்தான் சிக்கல் தெரியும். இந்தியாவும் அமெரிக்காவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். அதனால் அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்கும் வரிசையே வேறு: முதலில் பெற்றோரின் தகுதிக்கு ஐ-800ஏ படிவம், அடுத்து குறிப்பிட்ட குழந்தைக்கு ஐ-800 படிவம், அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகே தத்தெடுப்பு. முந்திக்கொண்டு எழுதிய பத்திரம் இந்த வரிசையை மீறியதாகிவிடும்.

ஐ-800ஏ போட, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. குழந்தைக்கு 16 வயது நிறையும் முன்பே ஐ-800 போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

உறவினர் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015 குழந்தையின் உறவினராக ஏற்பது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருபக்கத் தாத்தா பாட்டி ஆகியோரை மட்டும். பெரியப்பா மகனும் நமக்கு அண்ணன்தான். ஆனால் அவர் பிள்ளைக்கு நீங்கள் சட்டப்படி சித்தப்பா இல்லை.

முதல் வேலை, இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான 'காரா' அங்கீகரித்த அமெரிக்க முகமையைப் பிடிப்பது. ஹோம் ஸ்டடி (உங்கள் குடும்பம் தத்தெடுக்க ஏற்றதா என்று பார்க்கும் விசாரணை அறிக்கை), காராவின் இணையதளத்தில் பதிவு, ஆவணப் பதிவேற்றம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நடக்கும். ஹோம் ஸ்டடி செய்ய சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அலமாரி ஒழுங்கைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. 18 வயதுக்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த மாநிலங்கள், நாடுகள் எல்லாவற்றையும் கேட்பார். பெங்களூரில் இரண்டு வருடம், சிங்கப்பூரில் எட்டு மாதம் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பழைய கைது ஏதாவது இருந்தால், வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். கைதைவிட அதை மறைத்ததுதான் அதிகம் கெடுக்கும். கிரீன் கார்டில் வந்து உங்களுடனேயே நிரந்தரமாக வசிக்கும் அப்பா அம்மாவும் கைரேகை கொடுக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி உண்டு.

அதிகம் இடறுவது பெயரில். அப்பா பெயர் இனிஷியலாக வரும் நம் வழக்கம் அமெரிக்கப் படிவத்தில் உட்காராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டில் 'குமார் சுப்பிரமணியன்', திருமணச் சான்றிதழில் 'சுப்ரமணியம் குமார்' என்று இருந்தால் மூன்று ஆட்களாகத்தான் பார்ப்பார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கேள்வி வந்த பிறகு தேடாமல் முதலிலேயே கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் அதில் இருக்கட்டும். பழைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருப்பதும் சகஜம். பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்கலாம். அலைச்சல் உண்டு, ஆகவே இதை முதல் வாரமே தொடங்குங்கள்.

ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரையை யார் தருவார் என்பது, காகிதம் பிறந்த இடத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் நோட்டரி கையெழுத்திட்டதற்கு டெக்சாஸ் மாநிலச் செயலர், எஃப்.பி.ஐ. அறிக்கைக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை, சென்னையில் வாங்கிய திருமணச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம். மருத்துவச் சான்றிதழ்தான் தொல்லை. டாக்டர் நோட்டரியின் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும், கிளினிக்கிலோ நோட்டரி இருக்கமாட்டார். வீடு தேடி வரும் நோட்டரி ஒருவரை அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கே அழைத்துப் போங்கள்.

தேதிகளையும் பாருங்கள். ஹோம் ஸ்டடி குடியேற்றத் துறைக்குப் போகும்போது 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஐ-800ஏ ஒப்புதலுக்கு ஆயுள் 15 மாதம். உங்களுக்கென்று ஒரு குழந்தை முடிவாகும் முன்பே அது தீர்ந்துவிடலாம் என்பதால், நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வேலை மாறினால், வீடு மாறினால், கருவுற்றால் ஹோம் ஸ்டடியைப் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அந்த மாநில உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும்.

வயதுக் கணக்கு காராவில் பதிவு செய்யும் நாளை வைத்து. உறவினர் பிள்ளையைத் தத்தெடுப்பவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது; 2 முதல் 4 வரை 90; 4 முதல் 8 வரை 100; அதற்கு மேல் 110. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் ஒரு அப்போஸ்டிலுக்காக மூன்று மாதம் காத்திருந்து, கூடுதல் வயதுக் குழந்தைக்கான அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள்.

ஐ-800 தற்காலிக ஒப்புதலும் அமெரிக்கத் தூதரகக் கடிதமும் வந்தபின் காரா தடையில்லாச் சான்று தரும். 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். அதற்கு 2 மாதக் கெடு. ஆணையில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர் மூன்றையும் கையில் வாங்கிய அன்றே சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா மூன்றும் அதையே நகலெடுக்கும்.

அமெரிக்கா வந்தபின் 2 வருடத்தில் 6 அறிக்கைகள் காராவுக்குப் போக வேண்டும்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. இடையில் வீடு மாறினால், லாரி ஏறும் முன் முகமைக்குப் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள்.