கேர் மேனேஜரை அமர்த்தும் முன் கேட்க வேண்டியவை

"அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்றுதான் எனக்குப் பெரும்பாலும் போன் வரும். குளிப்பாட்ட, ஊட்டிவிட ஆள் தேடுகிறார்கள் என்றால் அது வேறு வேலை. அந்த ஆள் ஒழுங்காக வருகிறாரா, மூன்று டாக்டர்கள் தனித்தனியே எழுதிய மருந்துகள் ஒத்துப்போகின்றனவா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அடுத்து என்ன, இதையெல்லாம் மொத்தமாகத் தலையில் போட்டுக்கொள்பவர்தான் கேர் மேனேஜர். எங்களில் நிறையப் பேர் நர்சிங்கோ சமூகப்பணியோ படித்தவர்கள்.

முதல் தடவை வரும்போது அவர் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். எல்லாவற்றையும் பணம் கொடுக்கும் மகனிடமே கேட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை ஏறெடுத்தும் பார்க்காதவர் வேண்டவே வேண்டாம். வேலை தெரிந்தவர் குளியலறைத் தரையைப் பார்ப்பார், பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்வார் (12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்வோம்), அப்புறம் மருந்து டப்பாவை அப்படியே மேசையில் கொட்டச் சொல்வார். கொட்டினால்தான் தெரியும்: ஒரே ரத்தக்கொதிப்பு மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருக்கும், ஒன்று பழைய சீட்டில் உள்ளது, இன்னொன்று டிஸ்சார்ஜ் ஆனபோது எழுதியது, பாட்டி இரண்டையும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, தலைசுற்றலுக்கு வயசைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அதை மேனேஜர் தானாக நிறுத்தக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

பலரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களைத் தவிர வேறு யாராவது உங்களுக்குப் பணம் தருகிறார்களா?" ஏஜென்சியிடமோ முதியோர் இல்லத்திடமோ கமிஷன் வாங்குபவர், பெரியவருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பார் என நம்ப எனக்குத் தைரியமில்லை. கட்டணம் மணிக்கணக்கா மாதக்கணக்கா, போனில் பேசுவதும் கணக்கில் சேருமா, அவர் லீவில் போனால் யார் வருவார், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். செக் புத்தகம், ஏடிஎம் பின் நம்பர் கேட்டால் அன்றோடு சரி.

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. குடும்பத்தில் முடிவு சொல்ல ஒருவரை வையுங்கள். அண்ணன் வேண்டாம் என்றதைத் தங்கை ராத்திரி வாட்ஸ்அப்பில் வேண்டும் என்றால் நாங்கள் யாருக்குத்தான் தலையாட்டுவது?

பெரியவரே "எனக்கு எவரும் வேண்டாம்" என்றால்? தெளிவாக யோசிக்கிறார் என்றால் அது அவர் முடிவு, மீறித் திணிக்காதீர்கள். மாதம் ஒரு தடவை மருந்துகளைச் சரிபார்க்க மட்டும் வரட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.