சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு காடு

கனடாவில் 66 முதியவர்களுக்கு வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கண்ணை முழுக்க மூடி வேறோர் இடத்தைக் காட்டும் கருவி மாட்டி, இயற்கைக் காட்சிகளைக் காட்டிய ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 80. நடமாட்டம் குறைந்தவர்கள், மறதிநோய் உள்ளவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பயந்துபோய்க் கழற்றி எறிவார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கடுமையான பக்கவிளைவு யாருக்கும் வரவில்லை. பெரும்பாலோர் இன்னொரு முறை பார்க்கவும் தயாராக இருந்தார்கள்.

காடும் கடலும் டி.வி.யில் வராததா? வரும். ஆனால் டி.வி. பார்க்கும்போது தலையைத் திருப்பினால் காடு போய்விடும், பக்கத்துக் கட்டில் தெரியும். ஹெட்செட்டில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் சிறு உணரிகள் தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளந்துகொண்டே இருக்கின்றன. படம் அதற்கேற்ப எதிர்ப்பக்கம் நகர்கிறது. இது சுமார் 20 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட்டால் மூளைக்குத் தாமதம் தெரிவதில்லை. பார்ப்பது படம் என்று தெரிந்திருந்தாலும், மூளை அதை ஓர் இடமாகவே எடுத்துக்கொள்கிறது.

சிக்கலும் இங்கேதான். பஸ் நிலையத்தில் நம் பஸ் நிற்க, பக்கத்து பஸ் கிளம்பினால் நாம் பின்னால் போவதுபோல் ஒரு கணம் இருக்கும் அல்லவா? கண் 'நகர்கிறோம்' என்கிறது, உடம்பின் அசைவை உணரும் உள்காது 'இல்லை' என்கிறது. இந்தச் சண்டை நீடித்தால் குமட்டல் வரும். வயதாக ஆக, உள்காதின் கூர்மையும் பாதத்தின் உணர்வும் மங்கி, தடுமாறாமல் நிற்பதற்குக் கண்ணையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணையும் மூடி வேறோர் உலகத்தைக் காட்டினால் என்ன ஆகும்? அதனால்தான் முதியவர்கள் இதை உட்கார்ந்தே பார்க்க வேண்டும், சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டிருக்க வேண்டும். கேமரா அசையாமல் ஒரே இடத்தில் நின்று எடுத்த காட்சிகளே அவர்களுக்கு நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் முதுமை கைகொடுக்கிறது. ஹெட்செட்டில் பொருள் அருகில் வந்தாலும் தூரம் போனாலும் கண் குவிய வேண்டிய தொலைவு மாறாது. இளம் கண்களுக்கு இந்த முரண்பாடே ஒரு களைப்பு. 80 வயதில் கண்வில்லை விறைத்து, குவியத்தை மாற்றும் திறனே ஏறக்குறைய போய்விட்டிருக்கும். ஆகவே அந்தச் சங்கடம் பெரிதாக எழ வாய்ப்பில்லை.

மற்றபடி எல்லாமே சில்லறைத் தொல்லைகள்தான், ஆனால் அனுபவத்தைக் கெடுப்பவையும் அவைதான். பட்டை உரசினால் காதுகேள் கருவி கீச்சிடும். மூக்குக்கண்ணாடி உள்ளே நசுங்கும். அரைக் கிலோ எடையைத் தாங்கிக் கழுத்து வலிக்கும். அப்புறம் கேமராவின் உயரம்: நிற்கும் ஆளின் உயரத்தில் வைத்து எடுத்த படத்தை உட்கார்ந்தபடி பார்ப்பவர் கீழே குனிந்தால், தன் உடம்பையே காணாமல் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். கழுத்து திரும்பாதவருக்கு 360 டிகிரி காட்சி வீண். முன்னால் இருக்கும் பாதியே போதும்.

சரி, இதனால் மனசுக்கு என்ன பலன்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 முதியோர் குடியிருப்புகளில் 65 முதல் 103 வயது வரையிலான 245 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் மனநிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள். தனிமை குறைந்ததாகச் சொன்னவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம். பார்த்த உடனே கேட்டு வாங்கிய பதில்களை நான் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்வேன். புதுப்பொருளின் மோகம் என்று ஒன்று உண்டு. ஆனாலும் தனிமை குறைந்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகள்தான் முதுமையில் மிக எளிதாக மேலே வருகின்றன. படித்த ஊரின் தெருவையோ, முதல் வேலை பார்த்த நகரத்தையோ காட்டினால் பேச்சு தானாகக் கிளம்பும். ரெண்டெவர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏற்பாட்டில் பல ஹெட்செட்களில் ஒரே காட்சி ஒரே நேரத்தில் ஓடும், ஊழியர் ஒரு டேப்லெட்டிலிருந்து இயக்குவார். ஒன்றாகப் பார்த்தவர்களுக்குக் கழற்றியதும் பேச ஒரு பொது விஷயம் கிடைத்துவிடுகிறது. என் கணக்கில் பத்து நிமிடக் காட்சியைவிட அதற்குப் பிறகு நடக்கும் அரை மணி நேர அரட்டைதான் பெரிய வரவு.

மறதிநோய் உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் வெண்டி மோய்ல் குழுவினர் இல்லங்களில் வாழும் பத்து நோயாளிகளுக்கு ஒரு மெய்நிகர் காட்டைக் காட்டினார்கள். ஹெட்செட் இல்லை, கையசைவுக்கு அசையும் பெரிய திரை. 2018-இல் வெளியான முடிவில் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் கூடியிருந்தன, கூடவே பயமும் பதற்றமும் கூடியிருந்தன. திரைக்கே இப்படி என்றால், கண்ணை முழுக்க மூடும் ஹெட்செட்டில் பயம் வந்தால் திரும்பிக்கொள்ளக்கூட வழியில்லை. 'எடுத்துவிடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவரும் இருப்பார். முகத்தில் பாதி மறைந்திருப்பதால் ஊழியர் கைகளைத்தான் பார்க்க வேண்டும். விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாலோ, மூச்சு வேகமானாலோ, தோளைத் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மெதுவாகக் கழற்றிவிட வேண்டியதுதான்.