பல வருடம் கழித்தும் படிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள்

பழைய கணினிகளிலும் குறுந்தகடுகளிலும் கிடக்கும் எழுத்துகளை மீட்டுத் தருவது என் வேலை. கோப்பு திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் திறந்து படித்த பிறகு, "இதை எதுக்கு எழுதினேன்னே ஞாபகம் இல்லையே" என்று எழுதியவரே சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். "நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும்" என்று தொடங்கியிருப்பார். எந்த நேற்று, என்ன நடந்தது, ஒன்றும் இருக்காது. கோபம் மட்டும் அப்படியே இருக்கும்.

தனிப்பட்ட எழுத்தில் சீக்கிரம் பழசாகிப்போவது வெறும் கருத்துதான். அந்தக் கருத்து எதனால் வந்ததோ அந்த விவரமும் கூடவே இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார், என்ன வதந்தி உலவியது என்று தேதியோடு எழுதி வைத்ததால்தான் அவருடைய வருத்தமும் எரிச்சலும்கூட இன்றைக்கு நமக்குப் புரிகிறது. நீங்கள் வேலையை விட்டதைப் பற்றி எழுதினால் "நிம்மதி" என்பதோடு நிறுத்தாமல், யாரெல்லாம் வேண்டாம் என்றார்கள், அடுத்த மாதத்துக்கு என்ன யோசித்து வைத்திருந்தீர்கள், யார் சொன்ன எந்தப் பேச்சுக்குப் பிறகு முடிவெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பின்னால் நீங்கள் தேடப்போவது அதைத்தான்.

அப்புறம், மனம் மாறிவிட்டால் பழையதை அழித்துத் திருத்தாதீர்கள். கீழே தேதி போட்டு, இப்போது என்ன நினைக்கிறீர்கள், ஏன் என்று சேர்த்தால் போதும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நீங்கள் எப்படி மாறினீர்கள் என்பது தெரியும். அடுத்தவர் ரகசியத்தை மட்டும், குறிப்பாகக் குழந்தைகளுடையதை, பொதுவில் எழுத வேண்டாம். வளர்ந்த பிறகு அதோடு வாழப்போவது அவர்கள்.

எழுத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆளுக்கொரு இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-லும், தனிநபர்களுக்கான கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-லும் மூடப்பட்டன. பிரதி எடுத்து வைக்காத பலருக்கு எழுதியது திரும்பக் கிடைக்கவில்லை. தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எழுத்துரு மாற்றி என்ற மென்பொருள் மூலம், இன்றைய கணினிகளில் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கிவிடலாம், ஆனால் எந்த எழுத்துரு என்று தெரியாதபோது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் இப்போதே மாற்றிவிடுங்கள். படமாகச் சேமித்தால் பிறகு அதில் ஒரு சொல்லைத் தேடுவதே பெரும்பாடு. சாதாரண உரைக் கோப்பாக இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். வருடம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வெளியே புதுசு மாதிரி பளபளக்கும் குறுந்தகடு உள்ளே படிக்க முடியாமல் போயிருப்பதை இந்த வேலையில் நிறையப் பார்க்கிறேன்.