கரண்ட் போனதும் கடிகாரத்தைப் பாருங்கள்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அன்று எங்கள் நடைக்குழு நடக்கவில்லை. மிக்ஜாம் புயலின் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் கரண்ட் போனது. தென்சென்னையில் எங்கள் தெருவுக்கு அது திரும்பி வர மூன்று நாளானது.

நான் உணவியல் ஆலோசகர். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் சிலரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்ததுதான் இந்தக் குழு. முந்தின மாதம் 4-ஆம் தேதிதான் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்த உற்சாகத்தில் எங்களோடும் புதிதாகப் பலர் சேர்ந்திருந்தார்கள்.

கரண்ட் இல்லாத இரண்டாம் நாள் இரவு, குழுவில் உள்ள ஓர் அம்மா போன் செய்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மதியம் வடித்த சோறு மீந்திருக்கிறது. இரவில் அதையே எலுமிச்சை பிழிந்து தாளித்து, அவரும் பேரனும் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இருவருக்கும் வாந்தி. “முகர்ந்து பாத்துத்தாம்மா தாளிச்சேன், வாடையே இல்லை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். வாடை வந்திருக்காது.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், சோறு வேகும் சூட்டிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். பிறகு தாளித்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு அழியாது. ‘சூடு பண்ணிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று நம் வீடுகளில் சொல்வதைத்தான் நான் நடையின்போது திரும்பத் திரும்ப மறுத்துப் பேசுகிறேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

அப்படியென்றால் பாட்டி காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அவர்கள் சுண்டவைத்தது புளியும் உப்பும் தூக்கலான, தேங்காய் சேராத குழம்பை. அதையும் கெடுவதற்கு முன்பே, வேளை தவறாமல் கொதிக்கவைத்தார்கள். பழைய சோற்றுக்கும் சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அது புளித்து, அந்தப் புளிப்பே கிருமிகளை அடக்கும். நாள் முழுக்க மேடையில் கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுவது வேறு விஷயம்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள பகுதியில் 4 மணி நேரம் குளிர் நிற்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் 48 மணி நேரம் வரை, பாதி இருந்தால் 24 மணி நேரம். ஆகவே கரண்ட் போன நேரத்தைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்துவிட்டால்? அதற்கு ஒரு வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், பனி முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மீனையும் கறியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தயிர் புளித்தால் பயமில்லை. தேங்காய்ச் சட்னியை மட்டும் அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

பிரிக்காத இன்சுலின் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். கவரில் போட்டு வாயைக் கட்டி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. சாப்பாடு குறைந்த நாளில் வழக்கமான மாத்திரையையும் ஊசியையும் அப்படியே எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மருத்துவரிடம் இதை மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வடியாத தண்ணீரில் ‘வாக்கிங் விடக்கூடாது’ என்று இறங்காதீர்கள். அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியாது; காலில் சின்னக் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வழி. மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ நடந்தால் போதும். கம்பி கிடப்பதைப் பார்த்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

அந்த மூன்று நாளில் எங்களுக்குக் கைகொடுத்தது நடைப் பழக்கத்தில் வந்த அறிமுகம். லிஃப்ட் ஓடாத நான்காவது மாடியில் யார் தனியாக இருக்கிறார், யார் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு மட்டும்தான் என்பதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். கேஸ் அடுப்பு உள்ள வீட்டில் ஒரு வேளைக்கு மட்டும் உப்புமாவோ கஞ்சியோ செய்து, சூட்டோடு மாடி ஏறிக் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வோர் ஐப்பசி பிறப்பதற்கு முன்பும் அந்த விவரங்களை ஒரு நோட்டில் புதுப்பிக்கிறோம். வாந்தி எடுத்த அந்த அம்மாவிடம்தான் நோட்டு இருக்கிறது. புதிதாக யார் நடக்க வந்தாலும் பெயரை எழுதிய கையோடு, “வீட்ல இன்சுலின் இருக்காப்பா? எத்தனாவது மாடி?” என்று கேட்டுவிடுகிறார்.